அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே

ஊரிலேயே பெரிய அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர்களில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது. குரல் தெரியும். தரைத்தளத்தில், மருந்துக் கிடங்கை ஒட்டி, ஜன்னல் இல்லாத ஓர் அறையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, வருகிற அழைப்புகளை வார்டு வார்டாகப் பிரித்துவிடுவது அவள் வேலை. ஒருநாள் லிஃப்டில் ஏறி "மூணாவது மாடி" என்று அவள் சொன்னதும், பக்கத்தில் நின்ற எலும்பு டாக்டர் திரும்பிப் பார்த்து, "நீங்கதானா அது?" என்றார். குரலை வைத்து நெடுநெடுவென்று ஒருத்தியை நினைத்திருந்தாராம். அவள் அவர் தோளுக்குக்கூட வரமாட்டாள். அங்கே எல்லாருக்கும் அவள் எக்ஸ்சேஞ்ச் அக்கா. வீட்டில் கணவரும் கேலியாக அப்படிக் கூப்பிடுவதுண்டு.

அவளுக்கு வெகுநாளாக ஓர் ஆசை இருந்தது. இஃதிகாஃப் இருக்க வேண்டும். நோன்பு மாதத்தின் கடைசிப் பத்து நாளும் உலக வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு ஓரிடத்தில் தங்கி இறைவனை நினைத்திருப்பது அது. ஆண்கள் பள்ளிவாசலில் போய் இருப்பார்கள். பெண்கள் வீட்டிலேயே தொழுகைக்கென்று ஓர் இடத்தை ஒதுக்கி, அங்கே இருக்கலாம் என்பது அவர்கள் வீட்டில் பின்பற்றி வந்த வழக்கம். ஆசை இருந்ததே தவிர வாய்க்கவில்லை. மகள் சின்னவளாக இருந்தாள், பிறகு ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருந்தது. எல்லாம் கூடிவந்தாலும் உடம்பு விட்டுக்கொடுக்காது. பத்து நாள் சேர்ந்தாற்போல மாதவிலக்கு வராமல் இருந்தால்தானே உட்கார முடியும்? ஒவ்வொரு வருஷமும் நடுவில் வந்து நிற்கும்.

இந்த வருஷம் அப்படியில்லை. நாலைந்து மாதமாக அது எட்டிப் பார்க்கவே இல்லை. அவளுக்கும் ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இனி வராது என்று முடிவு கட்டிக்கொண்டு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வீட்டில் மதினி ஒரே வார்த்தையில் சோலியை முடிக்கப் பார்த்தாள். மதினி என்றால் கணவரின் அக்கா. புருஷன் இறந்தபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். முன்பு ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையலைக் கவனித்தவள் என்பதால், நாலு பேருக்குச் சமைத்தாலும் நாற்பது பேருக்கு அதிகாரம் பண்ணும் குரல்.

"பத்து நாள் லீவு போட்டு ஒரு மூலையில உக்காந்தா அதுக்குப் பேரு இபாதத்து. நான் இத்தனை வருஷமா அடுப்பு மூலையில உக்காந்திருக்கேன். அதுக்கு என்ன பேரு?"

இபாதத்து என்றால் வணக்கம். அவர்கள் இரண்டு பேருக்கும் சண்டை என்று ஒன்றும் கிடையாது. ஆனால் ஒருவர் முகம் பார்த்து ஒருவர் பேசுவதும் குறைவு. இவள் ஷிஃப்டுக்குப் போன காலமெல்லாம் மகளை வளர்த்தது மதினிதான். குழந்தை முதலில் பேசிய சொல் "அத்தை." அதை அன்று எல்லாரும் சிரித்துக்கொண்டாடினார்கள். இவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

இருபதாம் நோன்பன்று மாலை, மகளின் அறையில், அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்த இடத்தைப் பெருக்கித் துடைத்து, கயிறு கட்டி, பழைய போர்வை ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டார்கள். ஒரு ஆள் தொழுது, படுத்து, எழுந்து உட்காரத்தான் இடம். மகள் ஒரு தலையணையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அம்மா, கப்பல்ல சின்ன ரூம் மாதிரி இருக்கு" என்றாள். சூரியன் மறைவதற்குள் அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள்.

முதல் இரண்டு நாளும் கப்பல் நகரவே இல்லை. ஓதினாள், தொழுதாள், தஸ்பீஹ் மணியை உருட்டினாள். மனசு மட்டும் அடுப்படியில் நின்றது. காதுதான் அவளுக்குப் பிழைப்பு. அதைச் சும்மா இரு என்றால் இருக்குமா? ஏதோ ஒரு டப்பா திறக்கும் சத்தம் கேட்டால் மூடினார்களா என்று காத்திருந்தாள். குழாய் சொட்டினால் எண்ணினாள். கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். பழுதுக்கு வந்த ஃபிரிட்ஜ்கள் நடையில் வரிசையாக நிற்கும். அவற்றோடு பேசிக்கொண்டே வேலை பார்ப்பது அவர் பழக்கம்.

"என்னம்மா, உனக்கு என்ன கோளாறு? குளிர மாட்டேங்குறியா, இல்ல குளிர்ந்தது போதும்னு இருக்கியா?"

அவள் திரைக்குள் சிரித்துக்கொண்டாள். தன்னிடம் இவ்வளவு பொறுமையாக அவர் விசாரித்த நாள் நினைவில் இல்லை.

"எக்ஸ்சேஞ்சு, என் சட்டை பட்டன்..." என்று அவர் அறை வாசல் வரை வந்த ஒருநாள், மதினியின் குரல் பின்னாலேயே வந்தது.

"டேய், அங்க போகாத. அவ இல்லன்னு நெனச்சுக்கோ. பட்டன் தைக்க எனக்குத் தெரியாதா?"

அவ இல்லன்னு நெனச்சுக்கோ. சாதாரணமாகச் சொன்னதுதான். ஆனால் அன்று நோன்பு திறந்த பிறகும் அது அவளுக்குள் கரையாமல் கிடந்தது. உண்மையிலேயே அவள் இல்லாமல் வீடு நடந்துகொண்டிருந்தது. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுப்ப ஆள் இருந்தது. துணி உலர்ந்தது. மகள் கல்லூரியிலிருந்து வந்ததும் செருப்பை உதறிவிட்டு நேரே அடுப்படிக்குப் போய், பஸ்ஸில் நடந்தது, வகுப்பில் நடந்தது என்று எல்லாவற்றையும் அத்தையிடம் கொட்டினாள். அம்மாவிடம் அவள் இதில் கால்வாசிகூடச் சொன்னதில்லை. மதினி "ம்", "அப்பறம்?", "அவ கிடக்குறா, நீ விடு" என்று தாளம் போட்டாள். நன்றாகத்தான் கேட்கிறாள் இவள், என்று எக்ஸ்சேஞ்ச் அக்காவுக்குத் தோன்றியது. காது வைத்துக் கேட்கத் தெரிந்தவளுக்கு இன்னொருத்தி கேட்பது தெரியாதா?

முதலில் வலித்தது. பிறகு, எப்போது என்று தெரியவில்லை, வலித்த இடத்தில் ஒரு லேசான காற்று. தூக்கிக்கொண்டே நின்ற கூரை, கையை எடுத்த பிறகும் விழாமல் நிற்பதைப் பார்த்த மாதிரி. அப்படியானால் கையைத் தொங்கவிடலாம். தொங்கவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் கப்பல் நகர்ந்தது.

பகல்கள் நீண்டு, ஓரம் மங்கின. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர்தான். ஆனாலும் காலையில் அதில் பட்ட வெயில் திரும்பி வந்து போர்வையில் விழும். அது மெல்ல மெல்ல ஏறி அலமாரியின் கைப்பிடியைத் தொடும்போது மதியத் தொழுகையான லுஹருக்கு நேரமாகிவிட்டது என்று அர்த்தம். நோன்பின் மயக்கத்தில் ஓதுவதும் உறங்குவதும் ஒன்றோடொன்று கலந்தன. ஒரு வசனத்தில் கண்ணை மூடுவாள். திறக்கும்போது அதே வசனம் நாக்கில் இருக்கும், நடுவில் ஒரு தூக்கம் போயிருக்கும். நடையில் ஏதாவது ஒரு ஃபிரிட்ஜ் உயிர் பிடித்து முனகும். அந்த முனகலில் மிதந்தபடி கிடப்பாள்.

அப்படிக் கிடக்கையில்தான் குரல்கள் வந்தன.

"சிஸ்டர், ஆபரேஷன் முடிஞ்சுதான்னு மட்டும் சொல்லுங்க." "குழந்தை வார்டு குடுங்கம்மா, சீக்கிரம்." "அங்கயும் மழையா?" இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டவர் ஒரு வயசாளி. மனைவி எந்த வார்டில் இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. மழை பெய்தால் அவளுக்கு மூச்சு முட்டும் என்பது மட்டும் தெரியும். இன்னொரு பெண் தினமும் ஒரே நேரத்தில் கூப்பிட்டு, ஒரே வார்டைக் கேட்டாள். ஒருநாள் அந்த நேரம் வந்தது, அழைப்பு வரவில்லை. ஒரு சின்னப் பெண் தப்பான எண்ணைச் சுழற்றிவிட்டு, "எங்க அம்மா இருக்காங்களா?" என்றாள். ஆயிரம் அம்மாக்கள் இருக்கிற கட்டடம் அது.

அவள் எல்லாரிடமும் சொன்னது ஒன்றுதான். "லைன்ல இருங்க, தரேன்." தந்துவிட்டு அடுத்த அழைப்புக்குப் போய்விடுவாள். போகத்தான் வேண்டும். அதனால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஊரில் உள்ளவர்களின் துயரத்தில் முதல் வரி மட்டும். மிச்சம் என்ன ஆயிற்று என்று ஒருவரும் வந்து சொன்னதில்லை.

தொழுகைக்கு நடுவே அந்தக் குரல்கள் வந்தபோது முதலில் ஈயை ஓட்டுவதுபோல ஓட்டினாள். இதற்கா இங்கே வந்து உட்கார்ந்தேன் என்று தன்மேலேயே கோபம். ஓட்ட ஓட்ட வந்தன. ஒரு மத்தியானம், சலித்துப்போய், சஜ்தாவில் நெற்றியை வைத்தபடியே, மழையைக் கேட்ட அந்த மனிதருக்காகக் கேட்டாள். பெயர் தெரியாது, முகம் தெரியாது, உயிரோடு இருக்கிறாரா என்பதும் தெரியாது. "அவர் யாருன்னு உனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னாள். பிறகு தினமும் கூப்பிட்ட அந்தப் பெண்ணுக்காக. பிறகு அம்மாவைத் தேடியவளுக்காக. ஒவ்வொருவராக வந்து, சொல்லிவிட்டு, கலைந்தார்கள். எழுந்தபோது பாயில் நெற்றி பட்ட இடம் ஈரமாக இருந்தது. வெயில் கைப்பிடியைத் தாண்டிப் போயிருந்தது.

அதிலிருந்து அதுவே அவள் வணக்கமாகிவிட்டது. மகத்துவம் மிகுந்த அந்த ஓர் இரவு கடைசிப் பத்தின் ஒற்றைப்படை இரவுகளில் எதிலோ ஒளிந்திருக்கிறது என்பார்களே, அந்த இரவைத் தேடுகிறோம் என்ற பதற்றம்கூட அவளை விட்டுப் போயிருந்தது. இரவா பகலா என்று தெரியாத ஒரு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாள். மதினி திரைக்கு அடியில் தட்டைத் தள்ளிவிட்டுப் போவாள். பேரீச்சம்பழம், தண்ணீர், சூப், ரொட்டி. ஒருநாள் தட்டு ஓரத்தில் தோல் உரித்த ஆரஞ்சுச் சுளைகள் இருந்தன. விதையெல்லாம் எடுத்திருந்தது. இவள் ஒவ்வொரு சுளையாக, மெதுவாகத் தின்றாள்.

இருபத்தாறாம் நோன்பு. எல்லாரும் ஆவலாகக் காத்திருக்கும் இரவுக்கு முந்தின பகல். மாலைத் தொழுகையான அஸருக்குக் கைகால் முகம் கழுவி ஒளு செய்ய எழுந்து குளியலறைக்குப் போனவளுக்கு அங்கே தெரிந்துவிட்டது.

நாலைந்து மாதம் எட்டிப் பார்க்காதது, வந்துவிட்டது.

குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றாள். இனி நோன்பு இல்லை. தொழுகை இல்லை. குர்ஆனைத் தொட முடியாது. இஃதிகாஃப் முறிந்தது. சட்டம் அவளுக்குத் தெரியும், அதில் அவளுக்கு வழக்கும் இல்லை. ஆனால் கதவைத் திறந்து நடைக்கு வந்தபோது எந்தப் பக்கம் திரும்புவது என்று கால்களுக்குத் தெரியவில்லை. இடப்பக்கம் திரை. அங்கே போக முடியாது. ஃபிரிட்ஜ்களுக்கு நடுவே, அவற்றில் ஒன்றுபோல நின்றுவிட்டு, கடைசியில் அடுப்படிக்குப் போனாள்.

மதினி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். ஒரு பார்வைதான்.

"உக்காரு" என்றாள்.

உட்கார்ந்தாள். மதினி எழுந்து ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி முன்னால் வைத்தாள்.

"குடி. உனக்கு இப்ப நோன்பு இல்ல."

பட்டப்பகலில், நோன்பு மாதத்தில், இன்னொரு நோன்பாளியின் முன்னால் தண்ணீர் குடிப்பது அவளால் முடியவில்லை. டம்ளரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சத்தம் வராத அழுகை. குரலை வைத்துப் பிழைப்பவளுக்கு அப்போது குரல் வரவில்லை.

"இன்னும் நாலு நாள் மதினி" என்றாள் பிறகு. "நாலே நாள். இன்னைக்கு ராத்திரிதான் அந்த ராத்திரி. எத்தனை வருஷம் காத்திருந்தேன். வேண்டாம்னு எழுப்பி விட்ட மாதிரி இருக்கு."

மதினி கீரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"கூப்பிட்டு உக்கார வெச்சது யாரு?"

"அவன்தான்."

"எழுப்பி விட்டதும் அவன்தான? அப்ப என்ன, வந்தவள வெரட்டிட்டான்னா அர்த்தம்? விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டுல, 'கொஞ்சம் அடுப்பப் பாரும்மா'ன்னு ஒருத்தர எழுப்பிவிடுவாங்கல்ல? வேத்தாளையா சொல்லுவாங்க? வீட்டு ஆளத்தான் சொல்லுவாங்க." கீரைக்காம்பை ஒடித்தாள். "தண்ணியக் குடி. நாக்கு ஒட்டிக்கிச்சுன்னா அழக்கூட முடியாது."

அவள் குடித்தாள். தண்ணீர் தொண்டையில் இறங்குவது ஒவ்வொரு மிடறாகத் தெரிந்தது.

சூரியன் மறையும் மஃரிபுக்குக் கொஞ்சம் முன்பு மதினி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டாள். முக்காட்டைச் சரிசெய்தாள்.

"சூப்பு அடுப்புல இருக்கு. உப்பு இன்னும் போடல. கீரைய இறக்கி வெச்சுட்டேன்."

"எங்க போறீங்க மதினி?"

"அந்த எடம் சும்மா கெடக்க வேணாம். எனக்கு உன்ன மாதிரியெல்லாம் நெறைய ஓதத் தெரியாது. சும்மா கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரேன்."

போய்த் திரையை விலக்கி உள்ளே உட்கார்ந்தாள். பெருநாள் பிறை தெரியும்வரை வெளியே வரவில்லை.

கணவர் வேலை முடிந்து வந்து, அடுப்படியில் மனைவி நிற்பதைப் பார்த்துத் திகைத்தார்.

"அக்கா எங்க?"

"உள்ள" என்றாள் மகள்.

"உள்ளன்னா?"

"உள்ளதான் அத்தா."

அவர் மனைவி முகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், தலையைச் சொறிந்துகொண்டார். "இந்த வீட்டுல ஆளு மாறினாலும் சீட்டு காலியாகாது போல" என்று சொல்லிவிட்டுப் போய்க் கைகால் கழுவினார். வேறு எதுவும் கேட்கவில்லை. அதற்காக அவள் அவரை மனசுக்குள் வாழ்த்தினாள்.

அந்த நாட்களில் அவள் சமைத்தாள். இத்தனை வருஷத்தில் அந்த அடுப்படி அவளுக்கு முழுசாகக் கிடைத்ததே இல்லை. எந்த டப்பாவில் எது என்று தெரியாது. சர்க்கரை என்று நினைத்து ரவையைக் கொட்டினாள்.

"மதினி, சீரகம் மேல்தட்டுலயா?"

ஓதலுக்கு நடுவே திரைக்குள்ளிருந்து ஒரு கனைப்பு. ஆமாம்.

"இடப்பக்கமா?"

இரண்டு கனைப்பு. இல்லை.

மகள் சிரித்து உருண்டாள். அம்மாவோடு நின்று வெங்காயம் உரித்தாள். உரித்துக்கொண்டே, கேட்காமலேயே, பஸ்ஸில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். எக்ஸ்சேஞ்ச் அக்கா "ம்" என்றாள். "அப்பறம்?" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் இருக்க அவள் கஷ்டப்பட்டுத்தான் பழகினாள். யாருக்கும் இணைப்பைத் தந்துவிட்டுப் போக வேண்டியதில்லை. கடைசிவரை கேட்கலாம்.

கரண்டியைச் சுழற்றிக்கொண்டே நாக்கு தஸ்பீஹ் சொல்லும். மன்னிப்பைக் கேட்கும் அந்தச் சின்ன துஆ கொதிக்கிற சூப்போடு சேர்ந்து கொதிக்கும். அதற்கு யார் தடை? ஆவி முகத்தில் அடிக்கும்போது கண்ணை மூடினால் அதே வெளிச்சம். திரைக்குள் இருந்தபோது எவ்வளவு இருந்ததோ அவ்வளவு. கொஞ்சம் வெங்காய வாடை கூடுதல்.

முதல் நாள் நோன்பு திறக்கத் தட்டைத் திரைக்கு அடியில் தள்ளிவிட்டு அவள் திரும்பியபோது, உள்ளேயிருந்து மதினி மெதுவாகக் கூப்பிட்டாள்.

"கொஞ்சம் இரு."

அவள் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். உள்ளே மதினி ஒரு வாய் உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"உப்பு கம்மியா மதினி?"

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு." கிண்ணத்தைத் தட்டில் வைக்கும் சத்தம். "என் வீட்டுக்காரரு ஒரு தடவ, எனக்குக் காய்ச்சல் வந்தப்ப, கஞ்சியா சூப்பான்னு தெரியாம என்னத்தையோ ஒண்ண வெச்சுக் கொண்டுவந்து குடுத்தாரு. அதுக்கப்பறம் எனக்குன்னு யாரும் தட்டு கொண்டுவந்து வெச்சதில்ல. ஊருக்கே ஆக்கிப் போட்டாச்சு. நான் நின்னுக்கிட்டே தின்னுட்டு நின்னுக்கிட்டே கழுவி வெச்சுருவேன்."

வேலையில் இந்த மாதிரி நேரத்துக்கு எக்ஸ்சேஞ்ச் அக்கா ஒரு பதில் வைத்திருப்பாள். அது இங்கே செல்லாது.

"ஆறிப் போறதுக்குள்ள சாப்பிடுங்க" என்றாள். எழுந்து போகவில்லை. மதினி சாப்பிட்டு முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

பிறை தெரிந்த செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வந்தபோது மதினி திரையை விலக்கினாள். கால் மரத்துப்போய் எழ முடியவில்லை. இவள் கை கொடுத்தாள். மதினியின் கனம் முழுவதும் அந்தக் கையில் இறங்கியது. எவ்வளவு கனம் என்று அன்றுதான் தெரிந்தது.

"என்ன மதினி பண்ணீங்க உள்ள, இத்தனை நாளு?"

"என்னத்தப் பண்ணேன். நீ என் பாத்திரத்தையெல்லாம் போட்டு உருட்டுறத கேட்டுட்டு இருந்தேன்." ஒரு காலை ஊன்றிப் பார்த்தாள். "அப்பறம் உனக்காகக் கொஞ்சம் கேட்டேன். எனக்காகக் கேக்கலாம்னு பாத்தேன், என்ன கேக்குறதுன்னே தெரியல. பழக்கமில்ல."

பெருநாள் காலை மற்றவர்கள் தொழுகைத் திடலுக்குப் போய்விட்டார்கள். அவள் குளித்து, புதுசு உடுத்தி, ஜன்னல்களை எல்லாம் திறந்துவைத்தாள். தூரத்திலிருந்து தக்பீர் முழக்கம் காற்றோடு வருவதும் தேய்வதுமாக இருந்தது. வீட்டில் அவள் ஒருத்திதான். எந்த அறையிலும் போய் நிற்கலாம். நடையில் நின்றாள். ஃபிரிட்ஜ்களின் மேல் வெயில் விழுந்து வெள்ளை வெள்ளையாய் மின்னியது. முறிந்துபோன நாளுக்கு ஈடாக ஒரு நாள் இஃதிகாஃபை உடம்பு தெளிந்த பிறகு நோன்போடு இருந்து கழித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள். அதை நினைத்தபோது இழப்பு மாதிரி இல்லை. யாரோ இன்னொரு நாளை எடுத்து ஒளித்துவைத்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

திரும்பி வந்ததும் எல்லாருக்கும் முன்னால் மதினிதான் உள்ளே நுழைந்தாள். செருப்பைக் கழற்றிய வேகத்திலேயே வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். வாழ்த்து சொல்லிக் கட்டிக்கொள்வது வழக்கம்தான். ஆனால் அவர்கள் இரண்டு பேரும் இத்தனை பெருநாளும் தோளோடு தோள் தொட்டும் தொடாமலும் அதை முடித்துவிடுவார்கள். இன்று அப்படி முடியவில்லை. கணவர் செருமிக்கொண்டு, பசிக்கிறது என்பதுபோல வயிற்றைத் தடவினார்.

மதினி அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்தாள். வாய்வரை கொண்டுபோனவள் சட்டென்று நிறுத்தி, டம்ளரைப் பார்த்தாள். ஒரு மாதத்துப் பழக்கம் கையைப் பிடித்துக்கொண்டது.

"குடிங்க மதினி" என்றாள் எக்ஸ்சேஞ்ச் அக்கா. "இன்னைக்கு யாருக்கும் நோன்பு இல்ல."

மதினி சிரித்தபடியே குடித்தாள். சிரிப்பில் பாதித் தண்ணீர் புதுத் துணியில் சிந்தியது. துடைக்காமல் அப்படியே நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டு, "சரி, என்ன ஆக்கியிருக்க, கொண்டா பாப்போம்" என்றாள்.